கடலடி வடம் வருமுன் கடந்த நான்கரை மாதங்கள்: அந்தமான் மாணவர்களின் மனநலம் குறித்து எண்கள் கூறுவது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் மாதம் கல்லூரிகள் மூடப்பட்டபோது, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இணையச் சேவை செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்ட கடலடி கண்ணாடியிழை வடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். அதற்குள் ஊரடங்கின் நான்கரை மாதங்கள் கடந்துவிட்டன.

இறுதியாண்டு மாணவர்களின் எதிர்காலம் ஊசலாடிய மாதங்கள் அவை. தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் நடத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6 அன்று அறிவித்தது. அதனை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28 அன்றுதான் உறுதி செய்தது. தலைநகரிலுள்ள ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது என்பதால், தேர்வு குறித்த முடிவும் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது. சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களில் பயின்ற தீவு மாணவர்களுக்கோ வேறு சிக்கல். விடுதிகள் மூடப்பட்டன, உள்நாட்டுப் பயணிகள் விமானங்களும் மே 25 வரை இயங்கவில்லை. பேருந்தோ ரயிலோ பிடித்து ஊர் திரும்பும் வாய்ப்பு அவர்களுக்கு என்றுமே இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளின்படி, நாட்டில் தற்கொலையால் உயிரிழந்த மாணவர்களின் எண்ணிக்கை 2019-இல் 10,335, 2020-இல் 12,526, 2021-இல் 13,089. பள்ளி, கல்லூரி மாணவர் இருவரும் இதில் அடங்குவர்.

இவ்வுயர்வு முழுவதையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. அந்தமானில் அனைத்துத் தரப்பினரையும் சேர்த்த தற்கொலை விகிதம், தொற்றுக்கு முந்தைய 2019-லேயே ஒரு லட்சம் பேருக்கு 45.5 ஆக இருந்தது. 2021-இல் அது 39.7 எனக் குறைந்தும், நாட்டிலேயே மிக அதிகமாக நீடித்தது. அவ்வாண்டின் தேசிய சராசரி 12. மக்கள்தொகை நான்கு லட்சத்தை ஒட்டிய தீவுகளில் சில இறப்புகளே விகிதத்தை மாற்றிவிடும் என்பது உண்மையே. எனினும், முன்பே ஆழமாக இருந்த துயரத்தின் மீதே தொற்று வந்து விழுந்தது என்பதை மறுக்க இயலாது.

மத்திய கல்வித்துறையின் 'மனோதர்பன்' ஆலோசனைத் திட்டம் 2020 ஜூலை 21 அன்று தொடங்கப்பட்டது. தொலைபேசி வழி உதவி தீவுகளுக்குப் பொருத்தமானதே. ஆனால், குடும்பமே ஓரறையில் அடைபட்டிருக்கையில் ஒரு மாணவியால் ஆலோசகரிடம் எவ்வாறு மனம் திறந்து பேச முடியும்? இணைய வேகம் கூடியதால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு குறை உண்டு. மன அழுத்தம், மனச்சோர்வு என்னும் இரண்டையும் செய்திகள் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. தேர்வுக்கால அழுத்தம் பெரும்பாலும் தேர்வோடு நீங்கிவிடும். மனச்சோர்வு சிகிச்சை தேவைப்படும் நோய். முந்தைய சொல்லால் பிந்தையதைக் குறிக்கும்போது, "எல்லாம் சரியாகிவிடும்" என வீட்டார் காத்திருந்துவிடுகின்றனர்.

(மனநல உதவி தேவைப்படுவோர் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.)