அம்மாவை சும்மா உட்கார வைக்காதீங்க

போன கார்த்திகையில சென்னையிலேருந்து தம்பி போன் பண்ணான். "அண்ணே, அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாத. முட்டி தேஞ்சு போச்சு, ரெஸ்ட்ல இருக்கட்டும்"னான். நானும் நல்லதுன்னு நெனச்சு திண்ணையில கட்டிலைப் போட்டு உட்கார வச்சேன். சோறு, தண்ணி எல்லாம் என் வீட்டுக்காரி கையிலயே கொண்டாந்து குடுத்தா. பங்குனி வர்றதுக்குள்ள அம்மாவால சுவத்தைப் பிடிக்காம எழுந்திருக்க முடியல. நாப்பது வருஷம் நடவு நட்ட காலு அது.

பட்டணத்துல இருக்கற பிள்ளைங்க ஊருக்குப் போன் போட்டா சொல்றது இதைத்தான், "ரெஸ்ட் எடும்மா". பாசத்துல சொல்றதுதான். ஆனா தேஞ்ச முட்டிக்கு அது கெடுதல். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கற வழவழப்பான நீர்லேருந்துதான் அதுக்குச் சத்து, காலை மடக்கி நீட்டினாத்தான் அது சரியாப் போய்ச் சேரும். உட்கார்ந்தே கிடந்தா தொடைச் சதையும் வத்திப்போய், முட்டியைத் தாங்க ஆள் இல்லாம ஆயிடும்.

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும்னு பலபேர் நெனைக்கறாங்க. பிசியோதெரபியும் அதுல உண்டு. எங்க வீட்டுக்கும் ஒரு பொண்ணு வந்துச்சு.

"வயல் வேலையே போதாதாம்மா?"ன்னு கேட்டேன். குந்தி உட்கார்ந்து களை எடுக்கறப்போ முட்டி முழுசா மடங்கி உடம்பு பாரத்தையும் தாங்குது, பயிற்சியில பாரம் இல்லாம மூட்டு அசையுதுன்னு சொல்லுச்சு. அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தது ரொம்ப சாதாரணம். படுத்தபடி குதிகாலை மெதுவா இழுத்து மடக்கி நீட்டணும். முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, அஞ்சு எண்ற வரைக்கும் அமுக்கணும். நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி இறக்கணும். எல்லாம் பத்துப் பத்து தடவை. ரெண்டு மணி நேரம் கழிச்சும் வலி முன்னைவிட ஜாஸ்தியா இருந்தா மறுநாள் குறைச்சுக்கணும். மூட்டு சிவந்து, சூடா வீங்கியிருந்தா பயிற்சியை விட்டுட்டு டாக்டரைப் பார்க்கணும்.

கஷ்டம் எங்கன்னா, மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் குடுத்த நாங்க இதை அந்தப் பொண்ணு வர்ற அன்னிக்கு மட்டும்தான் செய்ய வச்சோம். "காலை ஆட்டறது ஒரு வைத்தியமா?"ன்னு அம்மாவுக்கு வேற கேலி. அப்புறம்தான் தம்பிகிட்ட, "தினம் ஏழு மணிக்கு நீ போன் பண்ணி எண்ணுடா"ன்னேன்.

இப்போ நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சு அம்மாவே எழுந்துக்குது. குந்த முடியல, இனிமே முடியாதுன்னுதான் தோணுது. ஆனா கொல்லைப்பக்கம் போக யாரையும் கூப்பிடறதில்ல. போன வாரம் தம்பி கேட்டதுக்கு, படுத்துக்கிட்டே "பத்தும் ஆச்சுப்பா"ன்னுச்சு. அன்னியிலேருந்து வீடியோ கால்தான்.