சென்னைக்கு வந்து 6 மாசம், மெரினாவுக்குப் போனது ஷூட்டிங்குக்கு மட்டும்: சினிமா செட் வேலை நேரம் ஏன் பேசப்பட வேண்டும்?

இரவு 1.40 மணி. 'பேக்கப்' சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. யூனிட் வண்டி வளசரவாக்கம் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறது. ஹாஸ்டல் கேட் 11 மணிக்கே பூட்டியாச்சு. வாட்ச்மேனை எழுப்பி, திட்டு வாங்கி, மாடியேறி, ரூம்மேட் தூக்கம் கலையாமல் பாயை விரிக்கும்போது மணி 2.15. மறுநாள் காலை 6 மணி கால்ஷீட். அதே முனைக்கு வண்டி 5 மணிக்கு வந்துவிடும்.

மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ சினிமா கனவோடு சென்னைக்கு வரும் ஓர் உதவி இயக்குநரின் முதல் வருடம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஆர்ட் அசிஸ்டென்ட், காஸ்ட்யூம் அசிஸ்டென்ட், கேமரா டிபார்ட்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்தவர் என யாரை எடுத்தாலும் விவரம் மட்டும் கொஞ்சம் மாறும். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார், "பீச்சுக்கெல்லாம் போனியாடா?" போனான். விடிகாலை 4 மணிக்கு, ஃப்ரேமுக்குள் வந்துவிடும் வாக்கிங் கூட்டத்தை ஓரமாக நிறுத்தி வைக்க.

2025-ல் நடிகை தீபிகா படுகோன் நாளுக்கு 8 மணி நேர வேலை கேட்டதாகச் செய்தி வந்தபோது, சோஷியல் மீடியா இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டையில் யாரும் பெரிதாகப் பேசாதது, ஸ்டார் வருவதற்கு 2 மணி நேரம் முன்பே செட்டுக்கு வந்து, அவர் கார் கிளம்பிய பிறகும் பொருட்களை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. ஸ்டாரின் 8 மணி நேரம் இவர்களுக்கு 11, 12 ஆகும். ஸ்டாரே 12 மணி நேரம் நடித்தால் இவர்கள் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

செட்டே ஊர் ஆகிவிட்டால்?

புது ஊருக்கு வேலைக்கு வருபவர்கள் முதல் சில மாதங்களில் தேடுவது மூன்று விஷயங்கள்: சாப்பாடு, தங்க இடம், பேச ஆள். ஐ.டி. வேலைக்கு வருபவர் இதையெல்லாம் வெளியே தேடி அலைவார். சினிமாக்காரருக்கு இதில் இரண்டு செட்டிலேயே கிடைத்துவிடும். காலை டிபன், 11 மணி டீ, மதியம் புரொடக்‌ஷன் சாப்பாடு, சாயங்காலம் ஸ்நாக்ஸ், நைட் ஷூட் என்றால் இரவுச் சாப்பாடும். "எங்க யூனிட்ல சாப்பாடு சூப்பர்" என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்வதில் பொய் இல்லை. நட்பும் அப்படித்தான். 40 நாள் ஒன்றாகத் திரிந்தவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள்.

சிக்கல் ஷெட்யூல் முடியும் நாளில்தான் தெரியும். அந்த 'ஊர்' ஒரே இரவில் கலைந்துவிடும். ஒளிப்பதிவாளர் குழு ஹைதராபாத்துக்கு, ஆர்ட் டிபார்ட்மென்ட் வேறொரு படத்துக்கு. அடுத்த ஷெட்யூல் எப்போது என்று கம்பெனிக்கே தெரியாது. பேட்டா நின்றுவிடும். 6 மாதம் சென்னையில் இருந்தவருக்கு, மலிவாகச் சாப்பாடு எங்கே கிடைக்கும், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவது, அவசரத்துக்கு யாரிடம் 500 ரூபாய் கேட்பது என எதுவுமே தெரிந்திருக்காது. அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய் என்பது அவருக்கு அப்போதுதான் கண்ணில் படும். ஷூட்டிங் நாட்களில் அதன் கதவு திறந்திருக்கும் நேரத்தில் அவர் தெருவில் இருந்ததே இல்லை. மெட்ரோவும் அப்படித்தான்: இரவு 11 மணியோடு சேவை முடிகிறது, அவர் நாள் முடிவது அதற்குப் பிறகு.

ஒரு நகரத்தைப் பழக அதன் நேரம் வேண்டும். கடை திறந்திருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது, பஸ் ஓடும்போது வெளியே இருக்க வேண்டும். சினிமா எடுத்துக்கொள்வது சரியாக அந்த நேரத்தைத்தான்.

"பேச்சிலரா? சினிமாவா? வீடு இல்ல தம்பி"

வீடு தேடும்போது கேட்கும் முதல் கேள்வி "எங்க வேலை?" என்பதுதான். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் பல தலைமுறையாக சினிமாக்காரர்களைப் பார்த்த வீட்டுக்காரர்கள்கூட, பதில் 'சினிமா' என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். குணத்தைச் சந்தேகப்படுகிறார்கள் என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பல இடங்களில் உண்மையான தயக்கம் வேறு: மாதாமாதம் வாடகை வருமா?

அதை நிரூபிக்க இவர்களிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது. சம்பளச் சீட்டு இல்லை, வேலையில் சேர்ந்ததற்கான கடிதம் இல்லை, வங்கிக் கணக்கில் ஒரே தேதியில் விழும் தொகை இல்லை. பெரும்பாலான புது உதவி இயக்குநர்களுக்குப் பேச்சு எல்லாம் வாய்வார்த்தைதான். "படம் முடியட்டும், பாத்துக்கலாம்." கதை டிஸ்கஷன் நடக்கும் மாதங்களுக்குப் பல கம்பெனிகளில் சம்பளமே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சட்டம் ஒன்றும் புதிதில்லை. சினிமாத் தொழிலாளரை எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் சட்டம் 1981-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இப்போது இது 'ஆடியோ விஷுவல் தொழிலாளர்' என்று சினிமாவைத் தாண்டியும் பேசுகிறது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பதும் அதில் இருக்கிறது. சட்டம் 40 வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு தாள் கையில் இருந்தால், வீட்டுக்காரரிடமும் காட்டலாம், வங்கியிலும் காட்டலாம்.

வீட்டு விஷயத்தில் தெரிந்துவைக்க வேண்டியது இன்னொன்று. 2019 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. "10 மாச அட்வான்ஸ்" என்பது சென்னையின் பழைய வழக்கம், சட்டம் இல்லை. ஆனால் வெறும் கையோடு நிற்பவரால் இதைப் பேரம் பேசச் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். லேடீஸ் ஹாஸ்டல்கள் பலவற்றில் இரவு 9, 10 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவு பேக்கப் ஆகும் வேலைக்கு ஹாஸ்டல் ஒத்துவராது. அதனால் அதே பேட்டாவில் தனி வீடு எடுத்தாக வேண்டும். செட்டுக்குப் போனால் வேறு பிரச்சினை. 2024 ஆகஸ்ட்டில் வெளியான கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை, ஷூட்டிங் இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும்கூட இல்லாததைப் பதிவு செய்தது. அவுட்டோரில் கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கடத்துவது பக்கத்து மாநிலத்துக்கு மட்டும் உரிய கதை என்று சென்னையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தூக்கம் யார் கணக்கில்?

செட் ஆபத்து என்றதும் நினைவுக்கு வருவது 2020 பிப்ரவரி 19. சென்னை அருகே இவிபி ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்தார்கள். அது செட்டுக்குள் நடந்தது, அதனால் கேள்விகள் எழுந்தன. செட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடப்பது எந்தப் படத்தின் கணக்கிலும் வராது. யூனிட் வண்டி கிடைக்காத நாளில், 16 மணி நேர வேலைக்குப் பிறகு பூந்தமல்லியிலிருந்து பைக் ஓட்டி வருபவரைப் பற்றி மறுநாள் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம். அதாவது நைட் பேக்கப் முடிந்து பைக்கை எடுப்பவர், ஒரு சொட்டு குடிக்காமலேயே வரம்பைத் தாண்டியவர் மாதிரிதான் ஓட்டுகிறார். எந்த செக்போஸ்ட் மெஷினும் அதைக் காட்டாது.

அதே 1997-ல் அமெரிக்காவில் 'ப்ளெசன்ட்வில்' படத்தில் 19 மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் கார் ஓட்டிச் சென்ற ஓர் உதவி ஒளிப்பதிவாளர், வழியில் தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று ஹாலிவுட்டில் பெரிய கையெழுத்து இயக்கமே நடந்தது. பேக்கப்புக்கும் அடுத்த கால்ஷீட்டுக்கும் இடையே 10 மணி நேர ஓய்வு என்பதை அங்குள்ள தொழிலாளர் சங்கம் ஒப்பந்தமாகவே வாங்கியது 2021-ல், வேலைநிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்ட பிறகு. பணம் புரளும் ஹாலிவுட்டிலேயே இதற்கு 24 வருடம் ஆனது.

தமிழ் சினிமாவில் வழி இல்லாமல் இல்லை. 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் பெப்சி அமைப்பில், நேரம் தாண்டினால் 'ஒன்றரை கால்ஷீட்', 'டபுள் கால்ஷீட்' என்று லைட்மேன் உள்ளிட்ட தொழிலாளர்களுக்குக் கூடுதல் பணம் கேட்டு வாங்கும் பழக்கம் உண்டு. புது உதவி இயக்குநருக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர் தொழிலாளி இல்லையாம், 'கத்துக்க வந்தவர்'.

தயாரிப்பாளர் தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. செட் வாடகை, கேமரா வாடகை, லொகேஷன் பர்மிஷன் எல்லாம் நாள் கணக்கில் ஏறும். ஒரு நாள் கூடினால் லட்சங்களில் செலவு. ஆனால் 16 மணி நேர நாளில் எத்தனை மணி நேரம் கேமரா ஓடியது என்று செட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சீன் பேப்பர் அன்றைக்குக் காலையில்தான் வரும், ஆர்ட்டிஸ்ட் தாமதமாக வருவார், 7 மணி ஷாட் 11 மணிக்கு எடுக்கப்படும். மேலே இருப்பவர்களின் தாமதத்துக்கான விலையைத் தன் தூக்கத்தில் கட்டுவது மாதச் சம்பளம்கூட இல்லாத பையன்.

"நாங்கள்லாம் பிளாட்ஃபார்ம்ல படுத்துதான் மேல வந்தோம்" என்ற பதில் ஒவ்வொரு ஆடியோ லான்ச்சிலும் கைத்தட்டல் வாங்கும். அப்படிப் படுத்துவிட்டு உடம்பு கெட்டு ஊருக்குத் திரும்பியவருக்கு அந்த மேடையில் மைக் கிடைப்பதில்லை.

என்ன கேட்கலாம்?

பேக்கப்புக்கும் அடுத்த கால்ஷீட்டுக்கும் நடுவே குறைந்தது 10 மணி நேரம். முதல் நாளே ஒரு கடிதம், அதில் தொகையும் தேதியும். இரவு 10 மணிக்கு மேல் பேக்கப் என்றால் மெயின் ரோடு முனை வரை இல்லாமல் வீட்டு வாசல் வரை வண்டி. மூன்றில் கடைசிக்கு ஆகும் செலவு டீசல் மட்டும்தான், அதையாவது நாளைக்கே தொடங்கலாம்.

புதிதாகச் சேர்பவர் இதைத் தனியாகக் கேட்டால், "பிடிக்கலைன்னா கிளம்பு, வெளியே 50 பேர் நிக்கிறான்" என்ற பதில் வரும். அந்தப் பயம் நிஜம். அதனால் முதலில் கேட்க வேண்டியது உள்ளே இருப்பவர்கள்: சங்கத்தில் கார்டு வைத்திருக்கும் கோ-டைரக்டரும், ஒரு காலத்தில் அதே ஹாஸ்டல் கேட்டைத் தட்டிய இயக்குநரும்.