மாஜி வீரர் தினம்

ஜனவரி 14-ந் தேதி நமது சேனைகளின் மாஜி வீரர்களைக் கௌரவிக்கும் தினமாகும். தமிழ்நாட்டில் அத்தேதி போகியாகவோ பொங்கலாகவோ வருவதால், பண்டிகைச் சந்தடியில் அது நம்மவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அதன் வரலாற்றை ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

1918-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி ஐரோப்பிய மகாயுத்தம் நின்றது. அந்நாளையே அமெரிக்கர் 1954 முதல் தங்கள் மாஜி வீரர் தினமாகக் கொண்டாடி வருகின்றனர். அந்த யுத்தத்தை நமது கடற்கரையும் அறியும். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பலின் குண்டுகளால் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அந்த யுத்தத்துக்காகக் கடல் கடந்தனர். எனினும் அது அந்நிய சர்க்காரின் யுத்தம். சுதந்திர பாரதம் தனது தினத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

1949 ஜனவரி 15-ந் தேதி ஆங்கிலேய சேனாதிபதி புச்சரிடமிருந்து ராணுவத்தின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஸ்ரீ கரியப்பா. 1953 ஜனவரி 14-ந் தேதி அவர் ஓய்வுபெற்றார். அத்தேதியே 2016 முதல் மாஜி வீரர் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. ஆகவே, ஒரு வீரர் உடுப்பைக் கழற்றிய நாளையே தேசம் தேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மறுநாள் அவர் கதி என்ன என்று கேட்பது நமது கடமையாகிறது.

கரியப்பா ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 53. சாதாரணச் சிப்பாயோ 15 வருஷ சேவையில் பென்ஷனுக்கு உரியவராகிறார். பலர் நாற்பதை எட்டுமுன்பே, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்தில், வீடு திரும்புகின்றனர். பின்னர் அவர்களில் அநேகர் ஆலை வாசலில் காவல் நிற்கின்றனர். காவல் வேலை இழிவன்று. ஆனால் யந்திரங்களை இயக்கிப் பழகிய கைகளுக்கு வாசற்கதவைத் திறந்து மூடும் வேலைதான் உண்டா?

மத்திய சர்க்காரின் பொதுத்துறை நிறுவனங்களில் 'ஸி' பிரிவு வேலைகளில் நூற்றுக்கு 14.5-ம், 'டி' பிரிவில் 24.5-ம் மாஜி வீரருக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்பது விதி. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலுள்ள துறைமுக, ஆலை வட்டாரத்தில் சர்க்கார் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அவை ஒவ்வொன்றும், விதிப்படி எத்தனை இடங்கள் நிரம்பின, எத்தனை காலியாக நிற்கின்றன என்பதை ஆண்டுதோறும் இந்தத் தினத்தில் பகிரங்கப்படுத்தட்டும். தொழிற்சங்கத்தாரும் தேசத் தொண்டர்களும் அக்கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். மாலை மாலைக்குள் வாடிவிடும். வீரர் வீட்டு அடுப்பு தினமும் எரிய வேண்டும்.