எழுதி முடிந்த கட்டுரையை எத்தனை தரம் சமைப்பீர்கள்?

இளைஞர் சஞ்சிகைகள், நாடகக் குழுக்கள், வாசகர் வட்டங்கள் ஆரம்பித்த இணையத்தளங்களின் பழைய இணைப்புகளை ஒருக்கா தட்டிப் பாருங்கள். பலதில் கட்டுரை இருக்காது. தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை என்று ஒரு வரிதான் இருக்கும். எழுதினவர்கள் இருக்கிறார்கள், எழுத்தைக் காணவில்லை. காசில்லாததால் போய்விட்டது என்கிறார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, தளத்தைக் கட்டின விதம்.

பாமன்கடையில் கொத்துக் கடைக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். ஒவ்வொரு ஓடருக்கும் புதுசாகக் கொத்த வேண்டும். கூட்டம் கூடினால் வரிசை, மாஸ்டர் வராவிட்டால் கடை பூட்டு. ரோல்ஸ் அப்படியில்லை. காலையில் பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் யாரும் எடுத்துக் கொடுக்கலாம். வேர்ட்பிரஸ் தளம் கொத்துக் கடை. யாராவது பக்கத்தைத் திறந்தால் நிரல் ஓடி, தரவுத்தளத்தில் கட்டுரையைத் தேடி, தலைப்பும் பட்டியும் சேர்த்து அப்போதுதான் பக்கத்தைச் செய்யும். கட்டுரையோ மூன்று வருஷமாக ஒரு கமா கூட மாறாமல் கிடக்கும். இதற்கு எதற்கு இவ்வளவு கொத்து?

பக்கத்தை ஒரே தரம் செய்து எச்.ரி.எம்.எல். கோப்பாகச் சேமித்தால் போதும். இது புது வித்தை இல்லை. ரூபி ஆன் ரெயில்ஸில் முதல் வாசகருக்காக உருவான பக்கத்தைக் கோப்பாக்கி, அடுத்தவர்களுக்கு அதையே கொடுக்கும் வசதி தொடக்க காலத்திலேயே இருந்தது. 2008 இல் வந்த ஜெக்கில் முழுத் தளத்தையும் முன்கூட்டியே கோப்புகளாக்கியது. வேர்ட்பிரஸை விட மனமில்லாதவர்களுக்கு சிம்ப்ளி ஸ்டாட்டிக் என்ற செருகி இருக்கிறது. கலைப்பீடத்துப் பெடியளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அழிவது எங்கட எழுத்து, அதனால்தான்.

2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வழங்கிக்கான கட்டணம் டொலரில். கட்டாவிட்டால் தரவுத்தளமும் போகும், அதோடு எல்லாம் போகும். கோப்புகளாக இருந்தால் கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் வைக்கலாம். பென் டிரைவில் போட்டு நாலு பேரிடம் கொடுக்கலாம். வழங்கி செத்தாலும் இணையமே இல்லாத இடத்தில் திறந்து வாசிக்கலாம்.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு வெறும் கோப்புகளாகத்தான் வைத்தார்கள். எழுத்துருக்கள் மாறின, யுனிக்கோட் வந்தது, கோப்புகளையும் மாற்றினார்கள். அழகில்லாத தளம்தான். ஆனால் இண்டைக்கும் திறக்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனை மினுக்கல் தளங்கள் போய்விட்டன!

எல்லாத்தையும் உறைய வைக்கச் சொல்லவில்லை. விக்கிப்பீடியா மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் திருத்தப்படுகிற தளத்துக்குத் தரவுத்தளம் வேணும். ஆனால் அங்கேயும், உள்நுழையாமல் வாசிக்கிறவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே செய்து வைத்த பக்கம்தான் போகிறது. மாதம் இரண்டு கட்டுரை போடுகிற எங்களுக்கு என்ன கேடு?

கருத்துப்பெட்டி வேலை செய்யாதே என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேலை செய்யாதுதான். எங்கட கருத்துப்பெட்டிக்கு வந்ததில் பெரும்பாலானவை சூதாட்ட விளம்பரம். உருப்படியாகச் சண்டை பிடிக்கிறவர்கள் எப்படியும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள்.