காத்திருப்பதும் பயிற்சியே!

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பள்ளியில் ஜொலித்த பையனைக் கல்லூரி அணி முதல் வருஷமே களத்தில் இறக்கணுமா? வேண்டாம் என்பேன். பள்ளியில் கைப்பலம் போதும். கல்லூரியில் எதிரணி நிற்கும் விதம் பார்த்து இரண்டு, மூன்று நொடியில் முடிவெடுக்கணும். அது பார்த்துப் பழகித்தான் வரும்.

ஜோ பர்ரோ 2015-ல் ஒஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தார். முதல் வருஷம் பெஞ்சு. அடுத்த இரண்டு வருஷமும் மாற்று ஆள்தான். ஆனால் மூணே வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். 2019 சீசனில் 60 டச்டவுன் பாஸ், ஹைஸ்மன் விருது, தேசியச் சாம்பியன் பட்டம்!

2021 முதல் மாணவ வீரர்கள் விளம்பரத்தில் பணம் பார்க்கலாம். ஒரு வருஷம் ஒதுங்கி நிற்காமலே கல்லூரி மாறலாம். அந்த உரிமை நியாயமே. அவசரத்துக்கு அதைச் சாக்காக்கலாமா? ஃபைலிங் பழகாத கையில் யாராவது லேத்தைக் கொடுப்பாங்களா, சொல்லுங்க!