விற்கும் நாளின் கணக்கு

சென்ற மாதம் இரண்டு பையன்கள் பீளமேட்டில் உள்ள என் அலுவலகத்துக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். கல்லூரித் தோழர்கள். பம்ப் மோட்டார் பழுதாவதற்கு முன்பே எச்சரிக்கும் மென்பொருள் செய்திருக்கிறார்கள். "சார், நாங்க இப்ப 10 கோடி கம்பெனிங்க" என்றான் பெரியவன்.

கையில் டெர்ம் ஷீட். கம்பெனியின் இன்றைய மதிப்பு 8 கோடி, வரும் பணம் 2 கோடி, முதலீட்டாளருக்கு 20 சதவீதம். பொங்கலுக்குள் லாஞ்ச் செய்ய வேண்டும், அதனால் மறுநாளே கையெழுத்து.

"அந்த 10 கோடிக்கே கம்பெனியை வித்தா, உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு தம்பி?"

"8 கோடிங்க."

இல்லை. ஏழாம் பக்கத்தில் 'பார்டிசிபேட்டிங் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' என்று இருந்தது. விற்றால், முதலீட்டாளர் முதலில் தன் 2 கோடியை எடுத்துக்கொள்வார். மீதி 8 கோடியிலும் 20 சதவீதம், அதாவது 1.6 கோடி, அவருக்கே. பையன்களுக்கு 6.4 கோடி. 4 கோடிக்குத்தான் விலை போனால் அவருக்கு 2.4, இவர்களுக்கு 1.6.

அவரைத் திட்ட மாட்டேன். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் உண்டு. ஆனால் போட்டதைத் திரும்ப எடுப்பது, அல்லது பங்கு விகிதப்படி வாங்குவது, இரண்டில் ஒன்று போதும். இரண்டும் ஒருவருக்கே என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதே தாளில் வெஸ்டிங் நிபந்தனையும் இருந்தது. நிறுவனர் பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகத்தான் சொந்தமாகும். முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு அதில் கோபம். நான் அதை ஆதரித்தேன். எட்டாம் மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போன நண்பன் பாதிக் கம்பெனியைக் கையோடு கொண்டுபோனதை என் கிளையன்ட் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் ஃபவுண்டரி வைத்த பெரியவர்கள் டெர்ம் ஷீட்டைக் கண்டதில்லை. ஆனால் எழுதி வைக்காவிட்டால் பங்காளிகளுக்கு லாபநஷ்டம் சமபங்குதான் என்கிறது 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பத்திரத்தில் பிரியும் ஷரத்தைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார்கள். இன்று கல்லூரி இன்குபேட்டர்கள் பத்து நிமிடத்தில் பிட்ச் செய்யக் கற்றுத்தருகின்றன. ஒரு பிற்பகல் உட்காரவைத்து இந்தக் கணக்கையும் போடச் சொன்னால் என்ன?

பையன்கள் ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பேசினார்கள். 'பார்டிசிபேட்டிங்' என்ற சொல் போனது; பதிலுக்கு மதிப்பு 7.5 கோடியாக இறங்கியது. "9.5 கோடின்னு சொல்லிக்க நல்லாவே இல்லைங்க சார்" என்றான் சின்னவன். 10 கோடிக்கு விற்றால் என்ன வரும் என்று கால்குலேட்டரை அவன் பக்கம் தள்ளினேன். 7.89 கோடி என்று வந்தது.