திருவொற்றியூரில் பிறந்த வண்டிக்கு எது அசல்?



திருக்கோவிலூரில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் மாட்டுக்கொட்டகையில், காலஞ்சென்ற தகப்பனாரின் 1968ஆம் ஆண்டு புல்லட் நெடுங்காலம் கிடந்தது. அதை மீண்டும் தென்பெண்ணைப் பாலத்தின்மேல் ஓட்டவேண்டும் என்பது மகனின் ஆசை. "எல்லாப் பாகமும் ஒரிஜினலாக இருக்கவேண்டும், ஐயா" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரிஜினல் என்றதும் அவர் இங்கிலாந்துப் பாகங்களைத் தேடத் தொடங்கியிருந்தார். அது வீண்செலவு என்பது என் கருத்து. மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. ஆகவே 1968ஆம் ஆண்டு வண்டிக்கு ரெட்டிச்சிலிருந்து வரும் பாகம் அசல் அல்ல. திருவொற்றியூரில் வார்த்ததே அசல். நம்மூர்ச் சரக்கை மட்டமாக எண்ணும் பழக்கம் இதிலும் நுழைந்துவிடுகிறது!

புல்லட்டின் அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஆதலால் 1990இல் செய்த பாகமும் இவ்வண்டியில் பொருந்திவிடும். இது வசதி, கண்ணியும் கூட. புது அட்டைப்பெட்டியும் பழைய முத்திரையும் கண்டு நானே ஒரு கடையில் ஏமாந்திருக்கிறேன். டயர், செயின், பிரேக் ஷூ, கேபிள் ஆகியவற்றில் பழமை தேடாதீர்கள், உயிர் பெரிது. தேய்ந்த சிலிண்டரைத் தூக்கி எறியவும் வேண்டாம். போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இட்டால் அதே சிலிண்டர் மறுபடி உழைக்கும். முகப்பு விளக்கின் இருபுறச் சிறுவிளக்குகள், டூல் பாக்ஸ், பெட்ரோல் டேங்க் முதலியவற்றைத் துரு நீக்கிக் காப்பாற்றுங்கள்.

கடைசியில் கிரேங்க்கேஸில் வந்து நின்றது காரியம். அதில் விரிசல். என்ஜின் எண் பொறித்திருப்பதும் அதில்தான். பிந்திய வண்டியின் கிரேங்க்கேஸைக் கொடுத்து, அதன் எண்ணைத் தேய்த்து, பழைய எண்ணை அடித்துத் தருவதாக ஒருவர் சொன்னாராம். மகனுக்கு ஏன் அந்தச் சபலம் என்பது எனக்குப் புரிகிறது. மத்திய அரசு 2021இல் வகுத்த விதியின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டகத்திலும் என்ஜினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டியே விண்டேஜ். முன்பே பதிவான வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் ஓட்டிய அதே எண் பலகை! அது கைநழுவிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு.

ஆயினும் வேண்டாம் என்றே சொன்னேன். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்கட்டும். அது இரும்புக் கருவியால் அடிக்கும் பொய்ச்சாட்சி. நாளை இவ்வண்டியை வாங்குகிறவனும், இவருடைய பிள்ளையும் அதை நம்புவார்கள். விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்க முடியுமா என்று பார்க்கலாம். தழும்பு வெளியே தெரியும், தெரியட்டும். முடியாவிட்டால் வேறு கிரேங்க்கேஸை அதன் சொந்த எண்ணோடு பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகப் பதியவேண்டும். விண்டேஜ் என்ற பெயர் போனாலும் வண்டி ஓடும்.

அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. கிரேங்க்கேஸ் சாக்குப்பையில் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வியாழக்கிழமை விழுப்புரத்தில் வெல்டிங் செய்பவரிடம் காட்ட இருவருமாகப் போகிறோம்.